கோடு தெரிந்ததும் குப்பைக்குப் போன மாத்திரை

வீட்டுச் சோதனைப் பட்டையில் இரண்டாவது கோடு தெரிந்த அன்றே, தக்கலையில் இருக்கும் என் சித்தி மகள் செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை அட்டையைக் குப்பையில் போட்டுவிட்டாள். அதுவரை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்துச் சாப்பிட்டுவந்த மாத்திரை. நான்காம் நாள் தலைசுற்றல். மண்டைக்குள் கரண்ட் அடித்தாற்போல வெட்டி வெட்டி இழுத்தது. மசக்கை என்றார்கள் வீட்டில். மூன்றாம் மாதம் குளிக்கக்கூட எழாமல் கிடந்தாள். அதுவும் மசக்கைதானாம்.

மனச்சோர்வு மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. பட்டையில் கோடு விழுவதற்குள் கரு சில வாரங்கள் வளர்ந்திருக்கும். அன்று வீசியெறிவதால் போன வாரங்கள் திரும்பி வரா. திரும்பி வருவது நோய். 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், கர்ப்பத்தை ஒட்டி மருந்தை நிறுத்திய பெண்களில் 68 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு மீண்டும் வந்தது. தொடர்ந்தவர்களில் 26 சதவீதம் பேருக்கு. சோறும் தூக்கமும் இல்லாத தாயின் வயிற்றில் குழந்தை மட்டும் எப்படிச் சுகமாக இருக்கும்?

எல்லா மாத்திரையையும் ஒரே கணக்கில் சேர்ப்பது இன்னொரு தவறு. செர்ட்ராலின் கர்ப்பிணிகளுக்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டு வருகிறது. பராக்ஸெட்டின் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்தை முதல் மூன்று மாதங்களில் எடுத்தால் குழந்தையின் இதயக் குறைபாட்டுக்கான வாய்ப்பு சற்றுக் கூடலாம் என்று 2005-லேயே எச்சரிக்கை வந்தது. வால்ப்ரோயேட் மனச்சோர்வு மருந்தே அல்ல. வலிப்புக்கும், உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோய்க்கும் தருவது. அதைச் சாப்பிடும் தாய்மார்களின் குழந்தைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்குப் பிறவிக் குறை வரலாம். அப்போதும் தானாக நிறுத்தாமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆக, "மனசுக்கு ஒரு மாத்திரை" என்று சொன்னால் போதாது, அட்டையைக் கையில் கொண்டுபோங்கள்.

"பாதி போட்டால் போதும், மக்களே" என்பது மாமியார் வைத்தியம். உண்மையில் கடைசி மாதங்களில் உடல் மருந்தை வேகமாகக் கரைப்பதால் சிலருக்கு அளவைக் கூட்டவே நேரிடும்.

மருந்துவாழ் மலை இருக்கும் கன்னியாகுமரி மாவட்டம் அல்லவா, பச்சிலை என்றால் நமக்குப் பயமே கிடையாது. ஆனால் தூக்கத்துக்கென்று கொடுக்கும் அமுக்கராச் சூரணம் கர்ப்ப காலத்தில் தவிர்க்க வேண்டிய ஒன்று.

மனநல மருத்துவர் நாகர்கோவிலில், பிரசவம் தாய்வீட்டுப் பக்கத்து மருத்துவமனையில், இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. ஊர்வாய்க்குப் பயந்து மறைப்பதன் விலை பிரசவ அறையில் தெரியும். கடைசி மாதங்களில் மனச்சோர்வு மருந்து எடுத்த தாய்மார்களின் குழந்தைகளில் சில பிறந்ததும் நடுங்கும், சிணுங்கும், பால் குடிக்கத் திணறும். பெரும்பாலும் சில நாள்களில், அதிகம் போனால் இரண்டு வாரங்களில் சரியாகிவிடும். முன்பே அறிந்த குழந்தை மருத்துவர் கவனித்துக்கொள்வார். அறியாதவர் என்னென்னவோ தேடுவார். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவும் மகப்பேறு பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. நேரில் போகக் கூச்சமா, அரசின் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழைத்தால் தமிழிலேயே பேசலாம், இரவிலும்.

ஐந்தாம் மாதம் மருத்துவர் என் சித்தி மகளுக்கு அதே மாத்திரையைத் திரும்பத் தொடங்கினார். குழந்தை பிறந்த பின் தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லி ஒரு பேச்சு கிளம்பியது. செர்ட்ராலின் பாலில் மிகக் குறைவாகவே கலக்கும் என்று மருத்துவர் சொன்னதும் அது அடங்கியது. இப்போது அந்த அட்டை, இரும்புச்சத்து மாத்திரையோடு சாப்பாட்டு மேசையிலேயே கிடக்கிறது.