தீவைச் சுற்றிப் படகில் திமிங்கலம் பார்க்கப் போகிறீர்களா? மூச்சைத் தேடுங்கள், நிமிடத்தை எண்ணுங்கள்

திமிங்கலத்தைக் காட்டிக்கொடுப்பது அதன் மூச்சு. உடம்பைத் தேடிப் பக்கத்து அலைகளைத் துழாவுகிறவருக்குக் கண் வலிதான் மிஞ்சும். அடிவானத்தை ஒட்டி மெல்லிய வெள்ளைப் புகை எழுகிறதா என்று பார்ப்பவருக்குத்தான் முதலில் தட்டுப்படும். மூச்சைக் கண்டதும் அடுத்த வேலை கடிகாரத்தைப் பார்ப்பது. இரண்டும் பழகிவிட்டால் படகோட்டி விரட்டிப் பிடித்துக் காட்ட வேண்டிய தேவையே இருக்காது.

இடமும் காலமும்

கரையை விட்டுக் கொஞ்ச தூரத்திலேயே கடல் சடாரென ஆழமாகும் தீவுகளைத் தேர்ந்தெடுங்கள். அசோர்ஸ், கேனரி, ஹவாய் போன்ற எரிமலைத் தீவுகள் அப்படிப்பட்டவை. நியூசிலாந்தின் கைகோராவிலும் இலங்கையின் திருகோணமலையிலும் கடலடிப் பள்ளத்தாக்கு கரைக்கு வெகு அருகில் வருகிறது. மற்ற இடங்களில் பாதிப் பயணம் ஆழ்கடலைத் தொடுவதிலேயே கழிந்துவிடும்.

ஹம்ப்பேக் திமிங்கலம் குளிர்காலத்தில் குட்டி போட வெப்பக் கடலுக்கு வரும், கோடையில் இரை தேடிக் குளிர்க்கடலுக்குப் போகும். அதனால் ஹவாயில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை, குளிர்காலம் தலைகீழாக வரும் தெற்கே, பசிபிக் தீவான டோங்காவில் ஜூலை முதல் அக்டோபர் வரை. இலங்கையில் பருவக்காற்றுதான் தீர்மானிக்கிறது. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கரையின் மிரிஸ்ஸ பக்கம் கடல் கொந்தளிக்கும், திருகோணமலைப் பக்கம் அடங்கியிருக்கும். வடகிழக்குக் காற்றில் நிலைமை தலைகீழ்.

நாளின் முதல் படகில் ஏறுங்கள். வெயில் ஏற ஏறக் கடற்காற்று வலுக்கும். காற்றின் வேகம் 10 நாட் (knot), அதாவது மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டரைத் தாண்டினால் அலைத்தலைகள் வெள்ளையாக உடையத் தொடங்கும். அந்த வெள்ளைக்குள் திமிங்கலத்தின் மூச்சு மறைந்துவிடும். வானிலைச் செயலியில் மழையை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். மேகமூட்டம் கெடுதலே இல்லை, கண்கூச்சம் குறைந்து பார்வைக்கு வசதி.

படகைப் பிடிக்கும் முன் கேட்க வேண்டியவை

பார்க்கும் தளம் எவ்வளவு உயரம்? கண் மட்டம் நீருக்கு மேல் 2 மீட்டரில் இருந்தால் அடிவானம் சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி. 5 மீட்டரில் இருந்தால் 8 கிலோமீட்டர். ஹைட்ரோஃபோன், அதாவது நீருக்கடியில் ஒலி கேட்கும் மைக், இருக்கிறதா? ஸ்பெர்ம் திமிங்கலம் ஆழத்தில் இரை தேடும்போது விடாமல் 'டிக், டிக்' என்று ஒலி எழுப்பும். அது எந்தத் திசையில் இருக்கிறது என்று மைக் வைத்திருக்கும் படகுக்குத் தெரியும், இல்லாத படகு குத்துமதிப்பாகத்தான் சுற்றும். கடைசியாக, எவ்வளவு கிட்டே போவீர்கள் என்று கேளுங்கள். "தொடுகிற தூரத்துக்கே கூட்டிப் போவோம்" என்று பெருமையாகச் சொன்னால் வேறு படகு பாருங்கள்.

வாந்தி

மாத்திரையைக் குமட்டல் தொடங்கிய பிறகு விழுங்கிப் பலனில்லை. இரைப்பை அப்போது அதைச் சரியாக உள்ளே இறக்காது. டைமென்ஹைட்ரினேட், மெக்லிசின் போன்றவற்றைப் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போட வேண்டும். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஹையோசின் பட்டையை நான்கு மணி நேரமாவது முன்னதாக ஒட்ட வேண்டும். தூக்கம் வரும், வாய் உலரும். குழந்தைகள், கர்ப்பிணிகள், கண் அழுத்த நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் போடக் கூடாது. வெறும் வயிற்றோடும் ஏறாதீர்கள், எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்டுவிட்டும் ஏறாதீர்கள். படகின் நடுவில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. ஆனால் மூடிய அறைக்குள் போனால் கதை முடிந்தது. ஃபோன் திரையும் பைனாகுலரும் குமட்டலைக் கிளப்பும், மாறி மாறி அடிவானத்தைப் பாருங்கள். மீறி வாந்தி வந்தால் காற்று அடிக்கும் பக்கத்துக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள்.

தேடுவது

படகின் முன்முனை 12 மணி, வலப்பக்கம் 3 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்டதும் "2 மணி, 400 மீட்டர்" என்று சொன்னால் எல்லாருக்கும் புரியும். "அதோ அதோ" என்று கைநீட்டினால் கை நீண்ட திசையைப் பார்ப்பதற்குள் அது மூழ்கிவிடும். முதலில் வெறுங்கண்ணால் மெதுவாக வருடுங்கள், சந்தேகம் வந்த இடத்தில் மட்டும் பைனாகுலரை வையுங்கள். 7x50 அல்லது 8x42 போதும், முதல் எண்தான் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. 10 மடங்குக்கு மேல் போனால் படகின் ஆட்டமும் அதே அளவு பெருகும்.

மூச்சின் வடிவமே பெயரைச் சொல்லிவிடும். ஒல்லியாக நெட்டுக்குத்தலாக 9 மீட்டர் வரை எழுந்தால் நீலத் திமிங்கலம். குட்டையாக, அகலமாகப் படர்ந்தால் ஹம்ப்பேக். இரண்டாகப் பிரிந்து விரிந்தால் ரைட் திமிங்கலமாகவோ சாம்பல் திமிங்கலமாகவோ இருக்கும். முன்னோக்கி இடப்பக்கமாகச் சாய்ந்தால் சந்தேகமே வேண்டாம், ஸ்பெர்ம் திமிங்கலம். அதன் மூச்சுத்துளை தலையின் முன்னோரத்தில் இடப்புறம் இருக்கிறது. பலத்த காற்று எல்லா மூச்சையும் சாய்த்துவிடும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

பறவைகளையும் விடாதீர்கள். ஆலாக்களும் பூபி என்னும் கடற்பறவைகளும் ஒரே இடத்தில் பாய்ந்து பாய்ந்து மூழ்கினால் கீழே மீன்கூட்டம் மேலேறி வருகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் டால்பினோ சூரையோ துரத்துகிறது, சில நேரம் திமிங்கலமும்.

எண்ணுவது

ஸ்பெர்ம் திமிங்கலத்தை வைத்துப் பழகுவது எளிது. ஆழத்திலிருந்து மேலே வந்தால் சுருங்கிய தோலோடு மரக்கட்டை மாதிரி அசையாமல் கிடக்கும். 10, 15 விநாடிக்கு ஒரு மூச்சு. இப்படி எட்டு முதல் பத்து நிமிடம். பிறகு முதுகை வளைக்கும், கூன் மேலெழும், பின்னுடல் உருண்டு வால் செங்குத்தாகக் கிளம்பும். முதுகு வளையும் அந்தக் கணத்தில் கேமரா கண்ணில் இருக்க வேண்டும், வாலைப் பார்த்தபின் தூக்கினால் தண்ணீர்தான் படமாகும். போன இடத்தில் வழவழப்பான வட்டம் ஒன்று மிதக்கும். வால் தள்ளிய நீர் மேலெழுந்து சிற்றலைகளை அழுத்துவதால் வருவது அது.

அப்போதிலிருந்து நேரத்தைக் குறியுங்கள். இது திரும்ப வர 40 முதல் 60 நிமிடம் ஆகலாம், வேறொன்றைத் தேடிப் போவது உசிதம். நீலத் திமிங்கலம் பத்து நிமிடம் முன்பின், ஹம்ப்பேக் பெரும்பாலும் 5 முதல் 15 நிமிடம். இவற்றுக்குக் காத்திருக்கலாம். ஒரே திமிங்கலத்தின் முதல் இரண்டு முக்குளிப்பை அளந்தால் மூன்றாவதை ஏறக்குறைய சரியாகச் சொல்லிவிடலாம். பொறுமையிழந்த படகு வட்டத்தின் மேலேயே ஓட்டிப் போகும், அடுத்த முறை திமிங்கலம் வெகு தள்ளி எழும்.

படகு எப்படி நடந்துகொள்ள வேண்டும்

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். பல இடங்களில் குறைந்தபட்சம் 100 மீட்டர். ஆஸ்திரேலியாவில் 300 மீட்டருக்குள் வந்தாலே எச்சரிக்கை மண்டலம். நியூசிலாந்தில் 300 மீட்டருக்குள் மூன்று படகுகளுக்கு மேல் கூடாது, குட்டியோடு இருக்கும் திமிங்கலத்துக்கு 200 மீட்டர் இடைவெளி. நேர் முன்னாலிருந்தும் நேர் பின்னாலிருந்தும் நெருங்குவது தப்பு. பக்கவாட்டில், சற்றுப் பின்தங்கி, அது போகும் திசையிலேயே இணையாக, அலை எழாத வேகத்தில் போக வேண்டும். அதுவாகக் கிட்டே வந்தால் கியரை நியூட்ரலில் போட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் புகுவது எல்லாவற்றிலும் மோசம்.

திரும்பத் திரும்பத் திசை மாற்றுகிறது, மேலே தங்கும் நேரம் குறைகிறது, வாலால் தண்ணீரை அறைகிறது, தாய் படகுக்கும் குட்டிக்கும் இடையில் வந்து நிற்கிறது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விலகச் சொல்லுங்கள். காசு கொடுத்த பயணி சொன்னால் படகோட்டி கேட்பார். பெரும்பாலும் பயணிகளின் ஆசைக்காகத்தான் அவர் நெருங்குகிறார்.

கரையோரம் திரும்பும்போது

சுழன்று துள்ளும் ஸ்பின்னர் டால்பின்கள் இரவில் வேட்டையாடிப் பகலில் ஆழமற்ற குடாக்களில் ஓய்வெடுக்கும். மெதுவாகக் கூட்டமாக வளைய வந்தால் அவை தூங்குகின்றன, உள்ளே போகாதீர்கள். கடல்நாய்கள் பாறையில் கிடக்கும்போது எல்லாத் தலையும் ஒன்றாக நிமிர்ந்தால் படகு வரம்பு மீறி நெருங்கிவிட்டது. மிரண்டு கடலில் பாய்கையில் பெரியவை குட்டிகளை நசுக்கிவிடும். ஆமை மூச்சுவிட வரும் நீரில் வேகத்தைக் குறைக்க வேண்டும், அதற்கு ஓடு இருந்தும் ப்ரொப்பெல்லரிடம் தப்பாது. பறவைகள் கூடுகட்டும் செங்குத்துப் பாறையருகே ஹாரன் அடிப்பதும் ட்ரோன் விடுவதும் கூடாது. பறவை எழுந்தால் முட்டை உருண்டு விழும்.

படம்

ஷட்டர் 1/1000 விநாடிக்குக் குறையாமல், தொடர் ஃபோகஸ், பர்ஸ்ட் (அழுத்திப் பிடித்தால் படபடவென எடுக்கும் முறை). 100–400 மி.மீ. லென்ஸ் வசதி. ஹம்ப்பேக்குக்கு வாலின் அடிப்புறத்தைப் பின்னாலிருந்து எடுங்கள், அந்தக் கறுப்பு வெள்ளைக் கோலம் ஒவ்வொன்றுக்கும் தனி. நீலத் திமிங்கலத்துக்கு முதுகுத் துடுப்பையும் அதை ஒட்டிய விலாப் புள்ளிகளையும், முடிந்தால் இரு பக்கமும். ஹேப்பிவேல் (Happywhale) இணையதளத்தில் ஏற்றினால் அதே விலங்கை முன்பு யாராவது, எங்கேயாவது பார்த்திருக்கிறார்களா என்று ஒப்பிட்டுச் சொல்வார்கள். அதற்குத் தேதி, நேரம், இடம் மூன்றும் வேண்டும். கேமராக் கடிகாரத்தை ஏறும் முன்பே ஃபோனோடு ஒத்துவைத்து, ஃபோனில் பயணப் பாதையைப் பதிவாக விட்டுவிடுங்கள். நேரம் பத்து நிமிடம் பிசகினாலும் திமிங்கலம் வேறு இடத்தில் பதிவாகிவிடும்.