மீன் தொட்டியின் பின்கண்ணாடிக்கு வண்ணம் பூசும் முறை

வீட்டு மீன் தொட்டியின் பின்புறத்தில் கடையில் விற்கும் படத்தாளை ஒட்டியவர்களுக்கு அதன் குறை தெரிந்திருக்கும். தண்ணீர் மாற்றும்போது வழியும் துளிகள் தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இறங்கித் திட்டுத் திட்டாகப் படிந்துவிடும். தாளை முழுதாக எடுத்தாலொழிய அந்தக் கறை போகாது. கண்ணாடியின் வெளிப்புறத்தில் நேரடியாக வண்ணம் பூசிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. தொட்டிக்குப் பின்னால் தொங்கும் ஒயர்களும் சுவரின் அழுக்கும் மறைந்துவிடும், செலவும் மிகக் குறைவு.

சுவருக்கு வண்ணம் பூசிப் பழகியவர்கள் இங்கே ஒன்றை மாற்றி நினைக்க வேண்டும். சுவரில் நம் கண்ணில் படுவது கடைசிப் பூச்சு; தொட்டியிலோ, கண்ணாடியின் மறுபக்கம் நின்று பார்ப்பதால், கண்ணில் படுவது முதல் பூச்சு. தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியர்கள் நகையையும் கண்ணையும் முதலில் தீட்டிவிட்டுப் பின்னணியைக் கடைசியில் பூசுவதும் இதே காரணத்தால்தான். முதல் பூச்சுக்கு அடியில் சிக்கிய கைரேகையோ தலைமுடியோ, மேலே எத்தனை பூச்சு ஏற்றினாலும் முன்பக்கம் தெரிந்துகொண்டே இருக்கும். ஆகவே உழைப்பின் பெரும்பகுதி, டப்பாவைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

புதுத் தொட்டி என்றால் தண்ணீர் ஊற்றும் முன்பே பூசிவிடுவது நல்லது. ஏற்கெனவே மீன் வளரும் தொட்டியைக் காலி செய்தே ஆக வேண்டும். 2 அடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டி நிரம்பினால் தண்ணீர் மட்டுமே சுமார் 56 கிலோ. பாதித் தண்ணீரோடு அதை நகர்த்தினாலும் சிலிக்கான் ஒட்டு விட்டுப்போகலாம். மீன்களைப் பழைய தண்ணீர் உள்ள பக்கெட்டில் விட்டு, ஏர் பம்பை ஓட விடுங்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் கழுவாமல், உலரவும் விடாமல், அதே பக்கெட்டில் போட்டு வையுங்கள். தண்ணீரின் நஞ்சை முறிக்கும் நுண்ணுயிர்கள் அதில்தான் குடியிருக்கின்றன. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் ஸ்பாஞ்சை அலசினால் அவை அழிந்துபோகும்.

இனிக் கண்ணாடி. சேலத்தில் போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில், தொட்டியின் பின்புறம் வழிந்து காய்ந்த தண்ணீர் வெள்ளை உப்புக் கோடுகளாக இறுகிப்போயிருக்கும். இது துணியால் துடைத்துப் போகிற கறை அன்று. வினிகரில் நனைத்த துணியை அதன்மேல் கால் மணி நேரம் ஒட்டி வைத்தால் உப்பு இளகிவிடும். பிறகு புது பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டினால் மீதமும் போகும். பிதுங்கி நிற்கும் பழைய சிலிக்கான் துணுக்குகளையும் அப்போதே மேலோட்டமாக எடுத்துவிடலாம். ஆனால் இரண்டு கண்ணாடிகள் சேரும் மூலையில் பிளேடை நுழைக்கக் கூடாது. நல்ல தண்ணீரில் துடைத்து, உலர்ந்ததும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒருமுறை முழுவதும் துடையுங்கள். அதற்குப்பின் கண்ணாடியை விரலால் தொடவே கூடாது.

ஓரங்களிலும் மேல் சட்டத்திலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் உள்விளிம்பை நகத்தால் அழுத்தித் தேயுங்கள். அங்கே இடைவெளி இருந்தால் வண்ணம் பக்கக் கண்ணாடிக்குக் கசியும். தொட்டியின் வாயைச் செய்தித்தாளால் மூடிவிடுங்கள். உட்புறத்தில் ஒரு சொட்டு வண்ணமும் விழக் கூடாது.

எந்த வண்ணம் என்று கேட்டால், கறுப்பு என்பேன். கடைத் தொட்டிகளில் வழக்கமான வெளிர்நீலத்தின் முன்னால் பல மீன்கள் தம் நிறத்தையும் வெளுக்க வைத்துக்கொள்ளும். கறுப்பின் முன்னால் நியான் டெட்ராவின் நீலக் கோடும் கப்பியின் வாலும் எடுப்பாகத் தெரியும். கறுப்பு மூர் தங்கமீன் வளர்ப்பவர்கள் மட்டும் அடர்நீலத்துக்குப் போகலாம், இல்லாவிட்டால் மீனைத் தேட வேண்டியிருக்கும். இன்னொன்று, மேற்கு வெயில் நேராகத் தொட்டியின் முதுகில் விழும் இடமானால் கறுப்பு வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். சேலத்துச் சித்திரை வெயிலில் அது மீனுக்கு ஆகாது. அப்படியானால் வண்ணத்தை அல்ல, தொட்டியின் இடத்தைத்தான் மாற்ற வேண்டும்.

தண்ணீரில் கரையும் அக்ரிலிக் எமல்ஷனே வீட்டுக்கு ஏற்றது. எனாமல் உறுதியாக நிற்கும், ஆனால் ஒவ்வொரு பூச்சுக்கும் ஓர் இரவு காய வேண்டும், நெடியும் அதிகம். பக்கத்தில் வேறொரு தொட்டியின் ஏர் பம்ப் ஓடினால், அறையில் உள்ள நெடியை உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளிவிடும். எனாமலோ ஸ்பிரே டப்பாவோ பயன்படுத்தினால் வாசலிலோ மொட்டை மாடி நிழலிலோ வைத்துத்தான் பூச வேண்டும்.

மேலே சொன்ன 2 அடித் தொட்டிக்கு 100 மி.லி. எமல்ஷன் தாராளம். தூரிகை வேண்டாம், அதன் கோடுகள் முன்பக்கம் தெரியும். சிறிய ஸ்பாஞ்ச் ரோலர் வாங்குங்கள். முதல் பூச்சு மிக மெல்லியதாக இருக்க வேண்டும். பூசி முடித்ததும் ஆங்காங்கே கண்ணாடி தெரியும், பார்க்க அசிங்கமாகவும் இருக்கும். அதைச் சரிசெய்ய நினைத்து மீண்டும் ரோலரை உருட்டினால் அரைகுறையாகக் காய்ந்த வண்ணம் பெயர்ந்து ரோலரோடு வந்துவிடும். மூன்று, நான்கு மணி நேரம் காயவிட்டு, இரண்டாம் பூச்சைக் குறுக்காக உருட்டுங்கள். மூன்றாவதை மறுபடி நெடுக்காகப் பூசலாம்.

காயும் நேரத்தை ஊர்தான் முடிவு செய்யும். கோடைச் சேலத்தில் வெயிலில் வைத்துப் பூசினால் ரோலர் அடுத்த வரிக்குப் போவதற்குள் முந்தைய வரி காய்ந்து தடம் விழும். காலையில் நிழலில் பூசுவது உத்தமம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் நிலைமை நேர்மாறு. மழைக்காலப் பனிமூட்டத்தில் கண்ணாடியே ஈரம் கோத்திருக்கும், அதன்மேல் பூசினால் வண்ணம் பின்னர் கொப்பளிக்கும். உச்சி வேளையில், அறையின் சன்னல்களைச் சாத்தி, கண்ணாடியை உலர்த்திய பிறகே தொடங்குங்கள். பூச்சுகளுக்கு இடையே ஒரு நாள் முழுதும் விடுங்கள்.

மூன்றாம் பூச்சு காய்ந்ததும் அறையை இருட்டாக்கி, தொட்டிக்குள் கைவிளக்கை வைத்துப் பின்புறமிருந்து பாருங்கள். ஊசிமுனை அளவு ஓட்டைகள் வெளிச்சப் புள்ளிகளாகத் தெரியும். தெரிந்தால் நான்காவது பூச்சு வேண்டும். கடைசிப் பூச்சு முழுதாக இறுகும் முன்பே டேப்பை எடுத்துவிட வேண்டும்: விளிம்பில் பிளேடால் மெல்லிய கோடு கீறிவிட்டு, டேப்பைப் பின்னோக்கி மடித்து மெதுவாக இழுங்கள். கீறாமல் இழுத்தால் எமல்ஷன் பாலாடைபோல் டேப்போடு உரிந்து வரும்.

இரண்டு நாள் கழித்து, நெடி துளியும் இல்லை என்று உறுதியான பிறகு தண்ணீர் நிரப்புங்கள். எமல்ஷன் பூசியவர்கள் தண்ணீர் மாற்றும்போது பின்விளிம்பில் ஒரு துணியைப் போட்டுக்கொள்வது நல்லது. பின்னாளில் வண்ணம் பிடிக்காமல் போனால் கண்ணாடியை ஈரமாக்கி பிளேடால் சுரண்டினால் போதும். கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் பிளாஸ்டிக்கால் செய்த தொட்டியில் மட்டும் பிளேடும் ஸ்பிரிட்டும் வேண்டாம். பிளேடு கீறல் விடும், ஸ்பிரிட் அக்ரிலிக்கை மங்கவும் விரிசல் விடவும் செய்யும். அத்தொட்டிக்குப் பின்னால் கறுப்புத் துணியைத் தொங்கவிடுவதே சரி.