வடமகுடத்தில் வெடிக்கப்போகும் நட்சத்திரம்: தினமும் ஒரு நிமிடம் பார்ப்பது எப்படி

முதலில் சுவாதியைக் கண்டுபிடியுங்கள். பஞ்சாங்கத்தில் அடிபடும் பெயர்தான். வானியல்காரர்கள் ஆர்க்டூரஸ் என்பார்கள். ஜூன் மாதம் இரவு ஒன்பது மணிக்கு மொட்டை மாடிக்குப் போனால் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே லேசான ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். சந்தேகம் வந்தால் வடக்கே சப்தரிஷி மண்டலத்தைப் பிடியுங்கள். அதன் வால் வளைகிற போக்கிலேயே கண்ணை ஓட்டினால் சுவாதியில் போய் நிற்கும். அப்புறம் வடகிழக்கில் தாழ்வாக, வெள்ளையாக மின்னும் அபிஜித், அதாவது வேகா. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு இழுத்து, சுவாதியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரம் வாருங்கள். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் சரியாக இரண்டு முஷ்டி தூரம்.

அந்த இடத்தில் உடைந்த வளையல் துண்டு மாதிரி ஏழு நட்சத்திரங்கள் அரைவட்டமாக இருக்கும். அதுதான் வடமகுடம். ஏழில் ஒன்று மட்டும் பளிச்சென்று தெரியும், அதன் பெயர் அல்ஃபெக்கா. அதிலிருந்து வளைவைப் பிடித்துக் கிழக்குப் பக்கமாக காமா, டெல்டா, எப்சிலான் என்று மூன்று எண்ணுங்கள். எப்சிலானிலிருந்து தெற்கே சற்றுக் கிழக்காக, நீட்டிய கையின் சுண்டுவிரல் அகலத்தில் ஒரு வெற்றிடம் இருக்கிறது. வெறும் கண்ணுக்கு அங்கே ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்தைத்தான் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டும்.

வெடிக்கப்போகும் நட்சத்திரம், டி கொரோனே போரியாலிஸ், அங்கேதான் இருக்கிறது. 1866 மே 12 அன்று அயர்லாந்தின் டூவம் ஊருக்குப் பக்கத்தில் ஜான் பர்மிங்ஹாம் என்பவர் அண்ணாந்து பார்த்தபோது, வடமகுடத்தில் அல்ஃபெக்காவுக்கு நிகராக இன்னொரு நட்சத்திரம் எரிந்துகொண்டிருந்தது. 1946 பிப்ரவரியில் மறுபடியும் அதே இடத்தில், அதே மாதிரி. ஏறக்குறைய எண்பது ஆண்டு இடைவெளி. சராசரி ஆயுளில் ஒருமுறைதான் வாய்க்கும்.

அங்கே இருப்பது ஒன்றல்ல, இரண்டு நட்சத்திரங்கள். ஒன்று வெண்குள்ளன்: பூமி அளவே இருந்தாலும் சூரியனைவிட அதிக நிறை கொண்டது. மற்றது ஊதிப்போன சிவப்புப் பூதம். 227 நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றிவருகின்றன. பூதத்தின் வாயு சொட்டுச் சொட்டாக வெண்குள்ளன் மேல் விழுந்து படிகிறது. படிந்த ஹைட்ரஜன் அழுத்தமும் வெப்பமும் ஏறி ஒரு கட்டத்தில் அணுக்கரு இணைவில் ஒரேயடியாகப் பற்றிக்கொள்கிறது. இதுதான் நோவா. சூப்பர்நோவா மாதிரி நட்சத்திரம் அழிந்துபோகாது. மேல்தோல் மட்டும் வெடித்துச் சிதறும், மறுபடி வாயு சேரத் தொடங்கும். அதனால்தான் திரும்பத் திரும்ப வருகிறது.

எப்போது வெடிக்கும்? லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பிராட்லி ஷேஃபர் இதன் பழைய பதிவுகளை எல்லாம் தோண்டியெடுத்தவர். 1946க்கு முன்னால் நட்சத்திரம் கொஞ்சம் மங்கியிருக்கிறது, 2023லும் மங்கியது. அதை வைத்து 2024 என்று கணித்தார். 2024 முழுக்கக் காத்திருந்தோம், வெடிக்கவில்லை. அதற்கப்புறம் இந்தத் தேதி, அந்தத் தேதி என்று நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். தேதியை நம்பி உட்காராதீர்கள். சில மணி நேரத்தில் ஏறி, ஒரே வாரத்தில் வெறும் கண்ணுக்கு மறைந்துவிடும் விஷயம் இது. செய்தியில் படித்து, சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் பாதி வெளிச்சம் போயிருக்கும். நடுவில் இரண்டு நாள் மேகம் மூடினால் மொத்தமும் போச்சு. தினமும் பார்ப்பவருக்குத்தான் இது.

நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். நைட் ஷிப்ட் வாரங்களில் டீ நேரத்தில் பஞ்சு குடோனுக்குப் பின்னால் போய்விடுவேன். வளாகத்து ஃபோகஸ் லைட் எதுவும் அந்தச் சுவரைத் தாண்டி வராது. கண் இருட்டுக்குப் பழக கால் மணி நேரமாவது வேண்டும். அதற்குள் போனைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்துதான். எங்கள் பிரிவில் ஹெல்ப்பராக இருக்கும் தம்பி ஒருவன், "அண்ணே, ஒண்ணுமே இல்லாத இடத்த இப்படிப் பார்க்கிறீங்களே" என்று கேட்டான். அவனுக்கு அல்ஃபெக்காவைக் காட்டி மூன்று எண்ணச் சொன்னேன். இப்போது நான் பகல் ஷிப்டில் இருக்கும் வாரங்களில் அவன் பார்த்துச் சொல்கிறான். இப்படி ஒரு கூட்டாளி இருப்பது பெரிய பலம். உங்களுக்கு வேறு நேரத்தில் விழித்திருக்கும் ஒருவரைப் பழக்கிவையுங்கள்.

சென்னை, கோவை மாதிரி ஊர்களில் வளைவு முழுதாகத் தெரியாது, அல்ஃபெக்கா மட்டும்தான் தெரியும். பரவாயில்லை. கையை நீட்டி நடு மூன்று விரல்களைச் சேர்த்து வைத்தால் ஐந்து டிகிரி. அல்ஃபெக்காவிலிருந்து கிழக்கே அதைவிடக் கொஞ்சம் கூடுதலான தூரத்தில் அதற்கு இணையான வெளிச்சத்தில் இன்னொரு நட்சத்திரம் தெரிந்தால் அதுதான். வழக்கமாக அந்த இடத்தில் நகர வானில் எதுவும் இருக்காது.

நம் ஊரில் இந்த மகுடம் நிற்கும் கோணம் மேல்நாட்டுப் படங்களில் இருப்பது போல இருக்காது. பலர் குழம்புவது இங்கேதான். ஏப்ரல், மே மாதங்களில் முன்னிரவில் கிழக்கே ஏறும்போது வளைவின் வாய் இடது பக்கம் திறந்திருக்கும். அல்ஃபெக்கா மேலே, எப்சிலான் கீழே. நோவா வரும் இடம் எப்சிலானுக்கு வலது கீழ்ப்பக்கம். ஆகஸ்ட், செப்டம்பரில் மேற்கே இறங்கும்போது எல்லாம் தலைகீழ்: வாய் வலது பக்கம், நோவாவின் இடம் எப்சிலானுக்கு இடது மேல்பக்கம். இரண்டையும் ஒரு காகிதத்தில் உங்கள் கையாலேயே வரைந்து கதவில் ஒட்டிவிடுங்கள். வரைந்த கைக்கு மறக்காது.

பிப்ரவரி தொடக்கத்தில் இரவு ஒரு மணிக்கு மேல்தான் உதிக்கும். ஏப்ரல் தொடக்கத்தில் ஒன்பதரை மணிவாக்கில், மே தொடக்கத்தில் இருட்டும் நேரத்திலேயே. அக்டோபர் தொடக்கத்தில் பத்து மணிக்கு மறைந்துவிடும். எங்களுக்கு மேற்கே மலை நிற்பதால் அதற்கும் முன்பே போய்விடுகிறது. நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை சூரிய வெளிச்சத்தில் மாட்டிக்கொள்ளும். அது மழைக்காலமும்தான். டிசம்பர் 20 வாக்கில் விடிகாலை நாலு மணிக்குக் கிழக்கே எட்டிப் பார்க்கும். அந்த நாட்களில் நாலரைக்கே எழுந்து பாருங்கள். கோலம் போடவோ பால் வாங்கவோ எழுந்திருப்பவர்கள் வாசலிலிருந்தே பார்க்கலாம்.

எழுந்திருப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டெல்ஃபோஸ் என்ற ஊரில் லெஸ்லி பெல்டியர் என்று ஒருவர் இருந்தார். 1920லிருந்து இந்த நட்சத்திரத்தை விடாமல் கவனித்தவர். 1946 பிப்ரவரியில் ஓர் அதிகாலை அலாரம் வைத்து எழுந்தவர், சளி பிடிக்கிற மாதிரி இருக்கிறதே என்று திரும்பப் படுத்துவிட்டார். அன்றைக்குத்தான் வெடித்தது. சோவியத் நாட்டில் காமென்சுக் என்ற ரயில்வே ஊழியர் பார்த்தார். வேல்ஸில் மைக்கேல் வுட்மன் என்ற 15 வயதுப் பையன் வீட்டு ஜன்னல் வழியே பார்த்தான். இருபத்தைந்து ஆண்டு காத்திருந்தவருக்குக் கிடைக்கவில்லை. படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். ஒரு நிமிடம்தான், எழுந்துவிடுங்கள்.

கருவி வேண்டுமா? வெடிப்பைப் பார்க்கக் கருவி தேவையில்லை. வெடிக்கும் முன் அந்த நட்சத்திரத்தையே பார்க்க ஆசை என்றால், நல்ல இருட்டில் 10×50 பைனாகுலரில் விளிம்பு நிலையில் தெரியும். மூன்று அங்குல டெலஸ்கோப் இருந்தால் சிரமமில்லை. போனில் புரோ மோடில் பத்து விநாடி வைத்து, சுவரில் சாய்த்து எடுத்தால் வடமகுடம் விழும். இன்றைய படம் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒப்பிட உதவும்.

அந்த இடத்தில் ஏதோ தெரிகிறது என்றால் உடனே பரபரக்க வேண்டாம். பத்து நிமிடம் பாருங்கள். விமானமும் செயற்கைக்கோளும் நகர்ந்துவிடும். கிரகங்கள் அந்தப் பக்கம் வருவதே கிடையாது. நகராமல் நின்றால் அதுதான்.

அடுத்த வேலை அதன் வெளிச்சத்தைக் குறிப்பது. மேக்னிட்யூட் அளவில் எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும். ஐந்து எண் வித்தியாசம் நூறு மடங்கு. இந்தக் கணக்கை 1856ல் வகுத்த நார்மன் போக்சன் பிறகு நம் மதராஸ் வானாய்வகத்துக்குத் தலைவராக வந்து, 1891ல் இறக்கும்வரை இங்கேயே வேலை பார்த்தவர். அவருக்குக் கீழே இருந்த ரகுநாதாச்சாரி 1867ல் இதே வழியில் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். நீங்கள் செய்யப்போவதும் அந்த வேலைதான். அல்ஃபெக்கா 2.2, வளைவில் அதற்கு மறுபக்கம் அடுத்து இருக்கும் பீட்டா 3.7, எப்சிலான் 4.1 என்று எழுதிக்கொள்ளுங்கள். புது நட்சத்திரம் எந்த இரண்டுக்கு நடுவில் இருக்கிறது, எதற்குக் கிட்டே என்று பார்த்து ஓர் எண் போடுங்கள். அல்ஃபெக்காவுக்கும் பீட்டாவுக்கும் சரிபாதி என்றால் ஏறத்தாழ 3.0. பக்கத்தில் தேதி, நேரம், ஊர். ஒளி மாறும் நட்சத்திரங்களுக்கான அமெரிக்கச் சங்கமான ஆவ்சோ (AAVSO), வெறும் கண்ணால் பார்த்த பதிவையும் ஏற்றுக்கொள்கிறது. மாலையில் ஒன்று, விடியுமுன் ஒன்று என்று முதல் இரண்டு நாளும் போடுங்கள். சீக்கிரம் மாறுவது அப்போதுதான்.

ஒரு வாரத்தில் கண்ணுக்கு மறைந்ததும் நிறுத்திவிடாதீர்கள். பைனாகுலரில் தொடருங்கள். 1866லும் 1946லும் சில மாதம் கழித்து அது மறுபடி எட்டாவது மேக்னிட்யூட் வரை எழும்பியது. அதற்கும் நோட்டில் இடம் விட்டுவையுங்கள்.