டார்க்கஸ்ட் ஹவர் பாத்துட்டு சரித்திரம் பேசப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

2017ல வந்த 'டார்க்கஸ்ட் ஹவர்' 1940ல பிரிட்டன் பிரதமரான சர்ச்சிலப் பத்தின நல்ல படம்தான், சர்ச்சிலா நடிச்ச கேரி ஓல்ட்மேனுக்கும் மேக்கப்புக்கும் ஆஸ்கார் குடுத்தது நியாயம். ஆனா படம் முடிஞ்ச கையோட சர்ச்சிலப் பத்தி கிளாஸ் எடுக்க ஆரம்பிக்கிறாங்க பாருங்க, அங்கதான் பிரச்சனை.

முதல்ல அந்த ரயில் சீன். சர்ச்சில் காரை விட்டு இறங்கி சுரங்க ரயில்ல ஏறி, ஹிட்லரோட சமாதானம் பேசலாமான்னு ஜனங்ககிட்ட கேப்பாரு, எல்லாரும் கூடாதுன்னு கத்துவாங்க, நமக்கும் புல்லரிக்கும். அப்படி ஒண்ணு நடக்கவே இல்ல. (படத்துலயே ஒரு ஸ்டேஷன்தான் தூரம்னு சொல்லிடுவாங்க, அதுக்குள்ள அவ்ளோ பேச்சு!) நிஜத்துல 1940 மே 28ஆம் தேதி சாயங்காலம் போர் கேபினட்டுக்கு (போர் முடிவுகள எடுத்த அஞ்சு பேர் குழு) வெளிய இருந்த மந்திரிகள, சுமார் 25 பேர, கூப்பிட்டு வச்சு பேசுனாரு, அவங்க ஒருத்தர்கூட எதிர்க்கல, அதுதான் அவருக்குத் தெம்பு குடுத்தது. அந்த மீட்டிங்கும் படத்துல வருது, ஆனா ரயில்ல பாத்த ஆளுங்க பேரச் சொல்லி அவர் அங்க பேசுற மாதிரி காட்டுறதுனால கட்டுக்கதைதான் காரணம், நிஜம் அதோட வால்ங்கிற மாதிரி ஆயிடுது.

அடுத்தது, சமாதானம் பேசிப் பாக்கலாம்னு சொன்ன வெளியுறவு மந்திரி ஹாலிஃபாக்ஸ கோழைன்னு முத்திரை குத்துறது. இதுலதான் நெறைய பேர் விழுறாங்க, ஏன்னா போர் எப்படி முடிஞ்சதுன்னு நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. மே 26ல உக்காந்து யோசிங்க: பிரான்ஸ் சரிஞ்சுக்கிட்டு இருக்கு, அமெரிக்கா போர்லயே இல்ல, சோவியத் 1939லயே ஹிட்லரோட ஒப்பந்தம் போட்டாச்சு, பிரான்ஸ் கடற்கரை ஊரான டன்கர்க்ல மாட்டுன படை திரும்பி வருமான்னே தெரியல. கடைசில 3,38,000 பேர் தப்பிச்சு வந்தாங்க, ஆனா அந்தக் கணக்கு ஜூன் 4லதான் தெரியும். இந்த நெலமைல அப்ப இன்னும் போர்ல இறங்காத இத்தாலி வழியா சமாதானத்துக்கு என்ன நிபந்தனை கிடைக்கும்னு கேட்டுப் பாப்போமேன்னுதான் அவர் சொன்னாரு, நாட்டோட சுதந்திரத்த விட்டுக்குடுக்கச் சொல்லல. அந்த யோசனை தப்புன்னு நானும் நினைக்கிறேன், ஆனா அது துரோகம் இல்ல.

முந்தின பிரதமர் சேம்பர்லைனுக்கு இன்னும் மோசம். அவரும் ஹாலிஃபாக்ஸும் சேந்து சர்ச்சிலுக்குக் குழி பறிக்கிற மாதிரியே படம் போகும். ஆனா மே 26ல இருந்து 28 வரைக்கும் கேபினட்ல வாக்குவாதம் நடந்த அந்த மூணு நாள்ல சேம்பர்லைன் மெல்ல மெல்ல சர்ச்சில் பக்கம் வந்துட்டாரு, சர்ச்சிலோட கன்சர்வேடிவ் கட்சிக்குத் தலைவர் அப்பவும் அவர்தான், அதனால அவர் ஹாலிஃபாக்ஸோட நின்னிருந்தா சர்ச்சில் தாக்குப்பிடிச்சிருக்கறது கஷ்டம். கூட்டணி அரசுல சேந்த லேபர் கட்சியோட அட்லியும் கிரீன்வுட்டும் கேபினட்குள்ளயே சர்ச்சிலுக்கு ஆதரவா நின்னத யாரும் பேசுறதே இல்ல, தனி ஒருத்தன் ஜெயிச்ச கதைதானே நமக்குப் பிடிக்கும்.

அப்புறம் கடற்கரைல சண்டை போடுவோம்ங்கிற சர்ச்சிலோட பேச்சு. மொத்த பிரிட்டனும் ரேடியோல அவர் குரல்லயே கேட்டுச்சுன்னு எழுதிடாதீங்க. ஜூன் 4ல அத பார்லிமெண்ட்லதான் பேசுனாரு, அன்னிக்கு ராத்திரி பிபிசில செய்தி வாசிக்கிறவர் சில பகுதிகள வாசிச்சாரு. இப்ப நாம கேக்குற பதிவு 1949ல எடுத்தது. படத்துல சர்ச்சிலுக்கு டைப்பிஸ்டா வர்ற எலிசபெத் லேட்டன் நிஜமான ஆள்தான், ஆனா வேலைக்குச் சேந்தது 1941ல.

கடைசியா, மே மாசத்து மூணு வாரத்த வச்சு முழு மனுஷனையும் எடை போடுறது. 1943 வங்காளப் பஞ்சத்துல 30 லட்சம் பேர் வரைக்கும் செத்தாங்கன்னு மதிப்பீடு, தானியம் அனுப்பக் கப்பல் ஒதுக்குங்கன்னு வைஸ்ராய் வேவலும் பிரிட்டன் அரசுல இந்தியாவப் பாத்துக்கிட்ட மந்திரி ஏமரியும் திரும்பத் திரும்பக் கேட்டும் லண்டன்ல இருந்து கேட்ட அளவு வரல. 1940ல முடியிற படத்துல இது இல்லைன்னு டைரக்டர திட்டுறது அநியாயம், ஆனா படத்த மட்டும் பாத்துட்டு அவர மகான் ஆக்குறதும் அதே அளவு அநியாயம். வாதாடணும்னா அந்த மூணு நாள் கேபினட் குறிப்புகள் பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்துல ஆன்லைன்லயே கிடைக்குது, மொதல்ல ஹாலிஃபாக்ஸ் பேசுனத படிங்க, அப்புறம் சண்டைக்கு வாங்க.