இந்தியாவிலிருந்து குழந்தையைத் தத்தெடுக்கும் அமெரிக்கத் தமிழ்த் தம்பதியருக்கு: ஆவணங்களும் பயண ஏற்பாடுகளும்

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற தமிழ்த் தம்பதியர் இந்தியாவிலுள்ள ஒரு குழந்தையைத் தத்தெடுத்து வீட்டுக்கு அழைத்துச் செல்ல வேண்டுமானால், இரண்டு நாடுகளின் சட்டங்களையும் ஒருசேர நிறைவு செய்ய வேண்டும். இந்தியாவில் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளும் நடைமுறையில் உள்ளன; அவற்றைச் செயல்படுத்தும் மத்திய அமைப்பு காரா. அமெரிக்காவில் குடியேற்றத் துறையும் வெளியுறவுத் துறையும் இதற்குப் பொறுப்பு. இரு நாடுகளையும் இணைப்பது, நாடுவிட்டு நாடு தத்தெடுப்பதற்கான 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை; அது இந்தியாவில் 2003 முதலும் அமெரிக்காவில் 2008 முதலும் அமலில் இருக்கிறது.

தகுதியுள்ள பெற்றோரின் கோப்புகூட மாதக்கணக்கில் நின்றுபோவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஆவணங்களில் பெயர் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போவது ஒன்று. செய்ய வேண்டியவற்றை வரிசை மாற்றிச் செய்துவிடுவது மற்றொன்று. இரண்டையும் முன்கூட்டியே தவிர்க்க முடியும். அந்த மாதங்கள் முழுவதும் காப்பகத்தில் காத்திருப்பது ஒரு குழந்தை என்பதால், தவிர்க்கக்கூடிய எதையும் தவிர்த்தே ஆக வேண்டும்.

தொடங்குமுன் இரண்டு செய்திகளைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். முதலாவது, இந்த வழி தம்பதியரில் ஒருவராவது அமெரிக்கக் குடிமகனாகவோ குடிமகளாகவோ இருந்தால்தான் திறக்கும். இருவரும் கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர்கள் என்றால் கீழே சொல்லப்படும் விண்ணப்பங்களைத் தாக்கல் செய்ய இயலாது. இரண்டாவது, அக்கா குழந்தையையோ தம்பி குழந்தையையோ ஊரில் உறவினர் கூடித் தத்துச் சடங்கு நடத்தி, சார்பதிவாளர் அலுவலகத்தில் தத்துப் பத்திரம் பதிந்துவிட்டு, அதன் பிறகு விசாவுக்கு வழி தேடுவது பற்றியது. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின்படி அந்தப் பத்திரம் செல்லுபடியாகலாம். ஆனால் அதை மட்டும் கொண்டு குழந்தைக்கு அமெரிக்க விசா கிடைக்காது. உறவினரின் குழந்தையாக இருந்தாலும் ஹேக் நடைமுறை முதலில், தத்தெடுப்பு பிறகு என்பதே வரிசை. பாசத்தால் அவசரப்பட்டுப் பத்திரம் பதிந்த குடும்பங்கள்தாம் இதில் அதிகம் துன்பப்படுகின்றன. எனவே ஊரிலுள்ள பெரியவர்களுக்கும் இதைத் தொடக்கத்திலேயே எடுத்துச் சொல்லிவிடுங்கள்.

பெயரைச் சீர்செய்வது

தமிழர்களின் பெயர் வழக்கம் அமெரிக்கப் படிவங்களின் கட்டங்களுக்குள் எளிதில் அடங்குவதில்லை. பள்ளிச் சான்றிதழில் இனிஷியலுடன் ஒரு பெயர். இந்தியப் பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் தந்தையின் முழுப்பெயராக விரிந்து குடும்பப் பெயர்க் கட்டத்தில் அமர்ந்திருக்கும். அமெரிக்கக் குடியுரிமைச் சான்றிதழில் நடுப்பெயர் ஒன்று சேர்ந்திருக்கும். திருமணப் பதிவில் மனைவியின் பெயருக்குப் பின்னால் தந்தையின் பெயரும், பாஸ்போர்ட்டில் கணவரின் பெயரும் இருக்கும். போதாததற்கு ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு ஆவணத்துக்கு ஆவணம் மாறும். உங்களை அறிந்தவர்களுக்கு இவை அனைத்தும் ஒரே ஆள். கோப்பைச் சரிபார்க்கும் அலுவலருக்கு அப்படியல்ல.

ஆகவே முதல் வேலையாக, தம்பதியர் இருவருடைய எல்லா ஆவணங்களையும் ஒரே மேசையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் ஆகியவை எப்படி எழுதப்பட்டுள்ளன என்று ஓர் அட்டவணை தயாரியுங்கள். நடப்பிலுள்ள அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் இருக்கும் வடிவத்தையே மூல வடிவமாகக் கொள்ளுங்கள். அதிலிருந்து மாறுபடுபவற்றில் திருத்தக் கூடியவற்றைத் திருத்துங்கள். பழைய பள்ளிச் சான்றிதழ் போன்ற திருத்த இயலாதவற்றுக்கு, இந்தப் பெயர்கள் அனைத்தும் ஒருவரையே குறிக்கின்றன என்ற உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு, தத்தெடுப்பு முடியும்வரை பாஸ்போர்ட்டில் பெயர் மாற்றம் எதையும் செய்யாதீர்கள்.

திருமணச் சான்றிதழுக்குத் தனிக் கவனம் தேவை. தமிழ்நாட்டில் திருமணப் பதிவு கட்டாயமானது 2009 நவம்பர் 24ஆம் தேதியிலிருந்துதான். அதற்கு முன் கோயிலிலோ மண்டபத்திலோ மணம் முடித்துப் பதிவு செய்யாமல் விட்டவர்கள் ஏராளம். இந்துத் தம்பதியர் 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தின்படி இப்போதும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யலாம்; ஆனால் இருவரும் நேரில் போக வேண்டியிருக்கும் என்பதால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போதே அதை முடித்துவிடுவது நல்லது. தத்தெடுக்கும் பயணத்தோடு சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாது, ஏனெனில் காராவில் பதிவு செய்யும்போதே அந்தச் சான்றிதழ் கேட்கப்படும்.

குழந்தைக்குச் சூட்டப்போகும் பெயரையும் இதே கட்டத்தில் முடிவு செய்யுங்கள். குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக உள்ள பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசா வழங்கப்படும்போது, குழந்தையின் பெயர் குடும்பப் பெயரின் இடத்துக்கு நகர்ந்து, முதற்பெயரின் இடத்தில் பெயர் தெரியவில்லை என்று பொருள்படும் எஃப்என்யூ என்ற மூன்று எழுத்துகள் அச்சாகிவிடும். பிறகு பள்ளி, மருத்துவமனை, வங்கி என ஒவ்வோர் இடத்திலும் அந்தக் குழந்தை அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். ஒற்றைப் பெயர் நம் மரபுக்கு இயல்பானதே. ஆயினும் குழந்தையின் வசதியை எண்ணி, முதற்பெயர், குடும்பப் பெயர் இரண்டையும் நிரப்பும் வகையில் பெயரை முடிவு செய்யும்படி வேண்டுகிறேன். முடிவு செய்த எழுத்துக்கூட்டலைக் கணவன் மனைவி இருவரும் கையெழுத்திட்டு, உங்கள் தத்தெடுப்பை நடத்தித்தரும் முகமைக்கு எழுத்து மூலம் அனுப்பிவிடுங்கள்.

அமெரிக்காவில் தயாரிக்க வேண்டியவை

வெளிநாட்டில் வாழ்பவர்கள் காராவின் இணையதளத்தில் தாமாகப் பதிந்துகொள்ள முடியாது. ஹேக் அங்கீகாரமும் காராவின் அனுமதியும் ஆகிய இரண்டும் உள்ள ஓர் அமெரிக்க முகமை வழியாகத்தான் பதிய வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இரண்டு அனுமதிகளும் நடப்பில் உள்ளனவா என்று ஆவணத்தைக் கேட்டுப் பார்ப்பதில் தயக்கம் வேண்டாம்.

கோப்பின் முதுகெலும்பு, சமூகப் பணியாளர் உங்கள் வீட்டுக்கு வந்து எழுதும் இல்ல ஆய்வறிக்கை. அதற்கென உங்களிடம் கேட்கப்படுபவை பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், முந்தைய திருமணம் இருந்திருந்தால் விவாகரத்து ஆணை அல்லது இறப்புச் சான்றிதழ், வருமான வரிக் கணக்கு, மருத்துவச் சான்றிதழ், பரிந்துரைக் கடிதங்கள், வீட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்ட குழந்தை இருந்தால் அக்குழந்தையின் சம்மதம் ஆகியன. இவற்றைத் திரட்டுவது பெரிதும் கடினமன்று. காவல்துறைச் சான்றுகளும் குழந்தை வன்கொடுமைப் பதிவேட்டுச் சான்றுகளும்தாம் காலத்தை விழுங்குபவை. பதினெட்டு வயதுக்குப் பிறகு நீங்கள் வாழ்ந்த ஒவ்வொரு மாநிலத்தின், ஒவ்வொரு வெளிநாட்டின் பதிவுகளும் பார்க்கப்பட வேண்டும். கோயம்புத்தூரில் படித்து, சிங்கப்பூரில் வேலை பார்த்து, டெக்சாஸில் சில ஆண்டுகளும் நியூ ஜெர்சியில் சில ஆண்டுகளும் இருந்தவர் என்றால் அத்தனை இடங்களுக்கும் தனித்தனியே விசாரிக்க வேண்டும். பழைய முகவரிகளை மாதம், ஆண்டு விவரத்துடன் இப்போதே எழுதத் தொடங்குங்கள்.

அமெரிக்காவில் கையெழுத்தாகும் ஆவணங்களுக்கு நோட்டரி சான்றும், அதற்குமேல் வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்கான அப்போஸ்டில் என்ற அரசு முத்திரையும் தேவைப்படும். மாநில அளவிலான ஆவணங்களுக்கு அந்த மாநிலத்தின் செயலர் அலுவலகமும், எஃப்பிஐ சான்று போன்ற கூட்டாட்சி ஆவணங்களுக்கு வாஷிங்டனிலுள்ள வெளியுறவுத் துறையும் அப்போஸ்டில் வழங்கும். நியூயார்க் போன்ற மாநிலங்களில் நோட்டரியின் கையெழுத்தை முதலில் கவுண்டி எழுத்தர் உறுதி செய்ய வேண்டும். நோட்டரியின் உரிமக் காலம் விரைவில் முடிவதாக இருந்தால் வேறு நோட்டரியிடம் போவது பாதுகாப்பானது. இந்தியாவில் வழங்கப்பட்ட சான்றிதழை இந்திய அலுவலகத்தில் காட்டுவதற்கு அப்போஸ்டில் வேண்டியதில்லை. தேவையற்ற முத்திரைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். தமிழில் உள்ள எந்த ஆவணத்துக்கும், மொழிபெயர்ப்பாளர் தம் தகுதியையும் மொழிபெயர்ப்பின் முழுமையையும் உறுதிசெய்து கையெழுத்திட்ட ஆங்கிலப் பெயர்ப்பு அமெரிக்கக் குடியேற்றத் துறைக்குத் தேவை.

மாறக் கூடாத வரிசை

இல்ல ஆய்வறிக்கையுடன் ஐ-800ஏ விண்ணப்பத்தைக் குடியேற்றத் துறையில் தாக்கல் செய்து, தத்தெடுக்கத் தகுதியானவர்கள் என்ற ஒப்புதலை முதலில் பெற வேண்டும். அதன் காலம் 15 மாதங்கள். இந்தியாவில் காத்திருப்பு அதைவிட நீளக்கூடும் என்பதால், முடியும் தேதியை நாட்காட்டியில் குறித்து, அதற்குச் சில மாதங்கள் முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பியுங்கள். காராவின் பட்டியலிலிருந்து ஒரு குழந்தை உங்களுக்குப் பரிந்துரைக்கப்படும்போது, குழந்தையின் ஆய்வறிக்கையும் மருத்துவ அறிக்கையும் வரும். அவற்றை ஒரு குழந்தை நல மருத்துவரிடம் காட்டி, கேள்வி இருந்தால் தயங்காமல் கேட்டு, அதன் பிறகே ஏற்புக் கையெழுத்து இடுங்கள்.

ஏற்றதும் அந்தக் குழந்தைக்கென ஐ-800 விண்ணப்பம். அதற்குத் தற்காலிக ஒப்புதல். அடுத்து விசா விண்ணப்பம். பெற்றோர் தகுதியானவர்கள், குழந்தை அமெரிக்காவில் நுழைய இயலும் என்று ஹேக் உடன்படிக்கைப்படி தூதரகம் காராவுக்கு அனுப்பும் ஐந்தாம் பிரிவுக் கடிதம். அதைப் பார்த்துக் காரா தரும் தடையின்மைச் சான்று. இவை அனைத்தும் முடிந்த பிறகே இந்தியாவில் தத்தெடுப்பு ஆணை பிறக்க வேண்டும். தற்காலிக ஒப்புதலுக்கும் ஐந்தாம் பிரிவுக் கடிதத்துக்கும் முன்னதாக ஆணை பெறப்பட்டால், அந்தத் தத்தெடுப்பின் அடிப்படையில் விசா தர இயலாத நிலை ஏற்படும். இந்தியாவில் யாராவது விரைவாக முடித்துத் தருகிறோம் என்று சொன்னால், இந்த ஒரு காரணத்துக்காகவே மறுத்துவிடுங்கள்.

2022 செப்டம்பர் முதல் தத்தெடுப்பு ஆணை பிறப்பிப்பவர் நீதிமன்றமன்று, மாவட்ட ஆட்சியர். விண்ணப்பத்தை இரண்டு மாதங்களுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆயினும் ஆட்சியர் அலுவலகத்தின் பிற பணிகளைக் கருதிக் கூடுதல் அவகாசம் வைத்துத் திட்டமிடுங்கள். தடையின்மைச் சான்று கிடைத்த பின், ஆணைக்குக் காத்திருக்கும் காலத்தில் குழந்தையை இந்தியாவுக்குள் உங்கள் பராமரிப்பில் வைத்துக்கொள்ள ஒழுங்குமுறைகள் இடம் தருகின்றன. விடுப்பு கிடைக்குமானால் இந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். குழந்தைக்குப் பழகிய மொழியும் உணவும் சுற்றிலும் இருக்கும்போதே உங்களோடு பழகுவது, விமானத்தில் ஏறிய பிறகு பழகுவதைவிட எவ்வளவோ நல்லது.

ஒருவர் மட்டுமே பயணம் செய்ய இயலும் என்றால், மற்றவர் அளிக்கும் அதிகாரப் பத்திரம் அமெரிக்காவிலேயே கையெழுத்தாகி அப்போஸ்டில் பெற்றிருக்க வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்களுக்கு இந்திய விசா தேவையில்லை. ஆனால் அட்டையிலுள்ள பெயர் நடப்புப் பாஸ்போர்ட்டோடு பொருந்த வேண்டும். ஓசிஐ இல்லாதவர் சுற்றுலா விசாவில் கிளம்பிவிடாமல், தத்தெடுப்பு என்ற நோக்கத்தைக் கூறி உரிய விசாவைப் பெற வேண்டும்.

ஆணை கைக்கு வந்தவுடன், அந்த மேசையை விட்டு நகருமுன், குழந்தையின் பெயர், பிறந்த தேதி, உங்கள் இருவரின் பெயர்கள் ஆகியவற்றை எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். இந்த ஆணையைக் கொண்டே ஹேக் இணக்கச் சான்றும், தத்தெடுத்த பெற்றோரின் பெயரிட்ட பிறப்புச் சான்றிதழும், குழந்தையின் இந்தியப் பாஸ்போர்ட்டும் வழங்கப்படுவதால், இங்கே நுழையும் ஒரு பிழை மூன்று இடங்களில் பெருகும். ஆணையின் சான்றிட்ட நகல்களை ஒன்றுக்கு மேல் கேட்டு வாங்குங்கள்.

விசாவும் விமானமும்

தத்தெடுக்கப்பட்ட குழந்தைகளுக்கான விசாவைப் புது டெல்லியிலுள்ள அமெரிக்கத் தூதரகம் கையாள்கிறது; குழந்தை சென்னையிலோ மதுரையிலோ இருந்தாலும் டெல்லிப் பயணம் உங்கள் திட்டத்தில் இருக்க வேண்டும். அதற்கு முன் தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் பரிசோதனை நடைபெறும். இரண்டு வயது நிரம்பிய குழந்தைக்குக் காசநோய்க்கான இரத்தப் பரிசோதனை உண்டு. அதில் தொற்று தெரிந்து சளிப் பரிசோதனை வரை போக நேர்ந்தால், சளியிலுள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனையின் முடிவுக்கு எட்டு வாரங்கள் ஆகும். எனவே மருத்துவப் பரிசோதனையைக் கடைசி வாரத்துக்கு விட்டுவைக்காதீர்கள். பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு, அமெரிக்கா சென்ற 30 நாட்களுக்குள் தடுப்பூசிகளைப் போடுவதாகப் பெற்றோர் உறுதிமொழி தந்து, தடுப்பூசி நிபந்தனையிலிருந்து விலக்குப் பெறலாம்.

விசா கைக்கு வந்த பிறகு, அல்லது தேதியை மாற்றக்கூடிய வகையில் மட்டுமே, திரும்பும் பயணச்சீட்டை வாங்குங்கள். வழியில் விமானம் மாறும் நாட்டின் விதி உங்கள் அமெரிக்கப் பாஸ்போர்ட்டைப் பார்க்காது. குழந்தையின் கையிலிருப்பது இந்தியப் பாஸ்போர்ட். சில நாடுகள் அதற்கு இடைவழி விசா கேட்கும். டெல்லியிலிருந்து நியூயார்க்குக்கு நேரடி விமானம் உண்டு. கட்டணம் கூடுதலானாலும் முதற்பயணத்துக்கு நான் அதையே பரிந்துரைப்பேன்.

தத்தெடுப்பு ஆணை, இணக்கச் சான்று, பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், மருத்துவ அறிக்கைகள் ஆகியவற்றின் மூலப்படிகள் ஒரே கோப்பில் உங்கள் கைப்பையில் இருக்கட்டும். நகல் தொகுப்பு ஒன்று வேறொரு பையிலும், வருடிய படிகள் நம்பிக்கையான உறவினர் ஒருவரிடமும் இருக்கட்டும். தூதரகம் முத்திரையிட்ட உறை ஏதேனும் தந்தால், அமெரிக்க விமான நிலையத்தின் குடியேற்ற அலுவலர் தவிர வேறு யாரும் அதைப் பிரிக்கக் கூடாது.

இந்தியாவிலேயே தத்தெடுப்பு முழுமையடைந்த குழந்தைக்கு ஐஎச்-3 விசா வழங்கப்படும். அந்த விசாவில் வரும் பதினெட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை, அமெரிக்கக் குடியுரிமையுள்ள தாய் அல்லது தந்தையுடன் வாழ வந்து அமெரிக்க மண்ணில் நுழையும்போதே, 2000ஆம் ஆண்டின் குழந்தைக் குடியுரிமைச் சட்டத்தின்படி குடியுரிமை பெற்றுவிடும். சான்றிதழ் அஞ்சலில் வரும், அதில் பெயரைச் சரிபாருங்கள். பிறகு சமூகப் பாதுகாப்பு எண், அமெரிக்கப் பாஸ்போர்ட், இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்தல், விரும்பினால் ஓசிஐ என்று வேலைகள் தொடரும். குழந்தையின் நலம் பற்றிய அறிக்கைகளை முகமை முதலாண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், இரண்டாம் ஆண்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் இந்தியாவுக்கு அனுப்ப வேண்டும். அவற்றுக்குரிய தேதிகளை வீடு திரும்பிய முதல் வாரத்திலேயே சமூகப் பணியாளரிடம் பேசி உறுதி செய்துகொள்ளுங்கள்.