இகுவானா கடிக்கும்போதும், கடிப்பதற்கு முன்பும்

வீட்டில் இகுவானா என்ற பெரிய பல்லியினத்தை வளர்க்கிறோம் என்று சொன்னால் உறவினர்கள் பெரும்பாலும் ஒரே பழமொழியைத்தான் எடுத்து வீசுவார்கள்: வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் கதையைச் சற்று நிதானமாகப் பார்த்தால், ஓணான் தன் வழியே போய்க்கொண்டிருந்தது என்பதும், எடுத்தவன்தான் யோசிக்காமல் எடுத்தான் என்பதும் புரியும். வளர்ப்பு இகுவானாவின் கடியிலும் பெரும்பாலும் நடப்பது அதுதான். எனவே கடியை நிறுத்த விரும்புபவர், விலங்கைத் திருத்துவதற்கு முன்பு தன் கையை எப்போது, எந்தப் பக்கத்திலிருந்து நீட்டுகிறோம் என்பதைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

நான் இங்கே சொல்வது மத்திய, தென் அமெரிக்கக் காடுகளைத் தாயகமாகக் கொண்ட பச்சை இகுவானாவைப் பற்றி. வாங்கும்போது ஒரு சாண் நீளத்தில் இலைபோலப் பச்சையாக இருக்கும் குட்டி, நன்றாக வளர்ந்தால் வாலோடு சேர்த்து ஒன்றரை மீட்டரை எட்டும். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் வாழும். குட்டியின் கடி ஒரு கிள்ளல். வளர்ந்த ஆணின் கடிக்குத் தையல் தேவைப்படலாம். இலை தின்னும் விலங்குதானே என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. அதன் பற்கள் சிறியவை, ஆனால் ஒவ்வொன்றின் விளிம்பும் கதிர் அறுக்கும் கருக்கரிவாளைப் போலப் பல்பல்லாக இருக்கும். இலையைக் கத்தரிக்க அமைந்த அந்த விளிம்பு தோலையும் அப்படியே கத்தரிக்கும். விழுந்த பல்லுக்குப் பதிலாக வாழ்நாள் முழுவதும் புதுப் பல் முளைத்துக்கொண்டே இருப்பதால், வயதானால் கூர் மழுங்கிவிடும் என்றும் எதிர்பார்க்க முடியாது.

எச்சரிக்கையைப் படிப்பது

எடுத்த எடுப்பில் இகுவானா கடிப்பது அரிது. கடிக்கு முன்பு அது பல விதங்களில் சொல்லிப் பார்க்கிறது. முதலில் உடல் விறைத்து அசைவற்று நிற்கும். பிறகு பக்கவாட்டில் தட்டையாகி, கால்களை ஊன்றி எழும்பி, தன் உருவத்தைப் பெரிதாகக் காட்டும். மாட்டின் அலைதாடியைப் போலத் தாடைக்குக் கீழே தொங்கும் மடல் முழுதாக விரியும். தலையை ஆட்டும் விதத்தைக் கவனித்துப் பழக வேண்டும்: மெதுவாக, சீராக மேலும் கீழும் ஆட்டினால் அது வெறும் ‘இது என் இடம்’ என்ற அறிவிப்பு; வேகமாக வெட்டி வெட்டி, பக்கவாட்டு உதறலும் சேர்ந்து ஆட்டினால் விலகிப் போ என்று பொருள். வால் வில்போல வளைந்தால் அடுத்தது சாட்டையடி. வாய் திறந்து சீறிவிட்டால் இனிச் சொல்வதற்கு எதுவும் மிச்சமில்லை.

மடல் விரிவதை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிட வேண்டாம். வெயில் காயும்போதும், சோம்பல் முறிக்கும்போதும்கூட அது விரியும். வேறு அடையாளமும் கூடவே வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

புதிதாக வளர்ப்பவர்கள் அதிகம் ஏமாறுவது கண்ணை மூடும் அடையாளத்தில்தான். தடவிக்கொடுக்கும்போது இகுவானா கண்ணை மூடினால், பூனையைப் போலச் சுகமாக இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். நாம் இருக்கும் பக்கத்துக் கண்ணை மட்டும் அது மூடி, மற்றக் கண்ணைத் திறந்தே வைத்திருந்தால், உன்னைப் பார்க்க விருப்பமில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். உடல் தளர்ந்து, வயிறு தரையில் படிந்து, கால்கள் பின்னால் நீண்டிருந்தால்தான் அது உண்மையான நிம்மதி.

எங்கள் வீட்டு ஆண் இகுவானா என் இடக்கைப் பெருவிரலைக் கடித்தது ஒரு மார்கழிக் காலையில். இரவில் நெடுநேரம் மின்சாரம் இல்லை. கூண்டின் வெப்பமானி 22 டிகிரி காட்டியது. பழைய உணவுத் தட்டை எடுப்பதற்காக மேலிருந்து கையை இறக்கினேன். அதன் தலை அசையவில்லை, மடலும் விரியவில்லை. வாலின் நுனி மட்டும் ஒரு விரற்கடை அளவுக்கு இடமும் வலமுமாகத் துடித்துக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்த பிறகும் தட்டை எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். விரலில் மூன்று தையல்.

காரணத்தைக் கண்டுபிடிப்பது

அந்த ஒரு கடியில் இரண்டு தவறுகள் இருந்தன. முதலாவது, மேலிருந்து கையை நீட்டியது. இகுவானாவின் உச்சந்தலையில் வெளிறிய ஒற்றைச் செதில் போலத் தெரிவது அதன் மூன்றாவது கண். அதனால் உருவத்தைக் காண முடியாது, ஆனால் வெளிச்சமும் நிழலும் மாறுவதை உணர முடியும். மேலிருந்து நிழல் விழுந்தால் அதற்குப் பருந்து என்றே பொருள். ஆகவே கை எப்போதும் பக்கத்திலிருந்து, அதன் கண்மட்டத்துக்குக் கீழே, அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே வர வேண்டும். கூண்டைத் தரையில் வைக்காமல் இடுப்பு உயரத்துக்கு மேல் வைத்தாலே இந்தச் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும்.

இரண்டாவது, குளிர். சுற்றுச்சூழலின் வெப்பத்தைக் கொண்டு உடலைச் சூடாக்கிக்கொள்ளும் விலங்கு இது. குளிர்ந்த உடலோடு அதனால் வேகமாக ஓட முடியாது. நம் ஓணான் சேர்ந்த குடும்பத்தின் சில இனங்களில், உடல் குளிர்ந்திருக்கும்போது ஓடுவதற்குப் பதிலாக நின்று எதிர்க்கும் இயல்பை ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள். அந்தக் காலைக்குப் பிறகு நான் இகுவானாவுக்கும் அதே கணக்கைத்தான் வைத்திருக்கிறேன். சூடு காயும் இடத்தில் 32 முதல் 35 டிகிரி வரையிலும், இரவில் 24 டிகிரிக்குக் கீழே இறங்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் விளக்கு எரியத் தொடங்கி ஒன்றிரண்டு மணி நேரமாவது ஆன பிறகே கையில் எடுக்க வேண்டும்.

பழகிய இகுவானா ஒன்று திடீரென்று கடிக்கத் தொடங்கினால், குணம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன்பு அதற்கு வலி இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு இகுவானாக்களிடம் மிகப் பரவலாகக் காணப்படும் நோய், கால்சியமும் புற ஊதாக் கதிரும் போதாமல் எலும்பு மெலிந்து போவது. கீழ்த்தாடை மிருதுவாவது, கால்கள் மினுமினுப்பாகத் தடிப்பது, விரல்கள் நடுங்குவது ஆகியவை அதன் அடையாளங்கள். தூக்கும்போது எலும்பு வலித்தால் எந்த விலங்கும் கடிக்கும். சன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் இதற்கு உதவாது. தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். நேரடி வெயில், அல்லது அதற்கென விற்கும் யூவிபி விளக்கு தேவை. அந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் அதன் கதிர் குறைந்துவிடும் என்பதால் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் மாற்ற வேண்டும். உணவில் செம்பருத்தி இலையும் பூவும், முருங்கைக் கீரை, அகத்தி, துருவிய பரங்கிக்காய் ஆகியவற்றைக் கலந்து கொடுக்கலாம். கால்சியத்தைச் சேரவிடாமல் தடுக்கும் பாலக் கீரையைத் தவிர்ப்பது நல்லது. பெண் இகுவானா உணவை ஒதுக்கிவிட்டு ஓயாமல் மூலையைப் பிறாண்டினால், ஆண் துணை இல்லாவிட்டாலும் அதன் வயிற்றில் முட்டை இருக்கக்கூடும். இந்த எல்லா நிலைகளிலும் தேவைப்படுவது பழக்குதல் அன்று, ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர். எல்லா மருத்துவர்களுக்கும் அந்தப் பழக்கம் இருக்காது என்பதால் முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: மொட்டைமாடி வெயிலில் கால் மணி நேரம் இருந்த இகுவானா, கூண்டில் நீங்கள் பழகிய அதே விலங்கு அன்று. நல்ல வெயில் அதை விழிப்பாக்கி, காட்டு விலங்காகவே மாற்றிவிடும். வெயிலிலிருந்து திரும்ப எடுக்கும்போது துண்டு இல்லாமல் எடுக்காதீர்கள்.

கையைப் பழக்குவது

புதிதாக வந்த இகுவானாவை முதல் இரண்டு வாரங்களுக்குத் தொடவே வேண்டாம். உணவு வைப்பது, சுத்தம் செய்வது தவிர வேறு எதற்கும் கையை உள்ளே விடாமல், கூண்டின் அருகில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு செய்தித்தாள் படியுங்கள். நீங்கள் அணிந்து கழற்றிய பழைய சட்டையை உள்ளே ஒரு கிளையில் போட்டு வைத்தால் உங்கள் வாசனை அதற்குப் பழகும். பிறகு, தினமும் ஒரே நேரத்தில் கையை உள்ளே கொண்டுபோய், எதையும் தொடாமல் ஐந்து நிமிடம் அப்படியே வைத்திருங்கள். அது உணவைத் தின்றுகொண்டிருக்கும்போதே கை அங்கே இருக்க முடிந்தால் அடுத்த படிக்குப் போகலாம்: தோளுக்குக் கீழே, பக்கவாட்டில் ஒற்றை விரலால் தடவுவது, அதற்கும் பிறகு, ஒரு கையை மார்புக்கு அடியிலும் மறு கையைப் பின்னங்கால்களுக்கு அடியிலும் கொடுத்துத் தூக்குவது. நான்கு கால்களுக்கும் பிடிப்பு கிடைத்துவிட்டால் அது துள்ளுவது பெருமளவு குறைந்துவிடும். வாலைப் பிடித்து ஒருபோதும் தூக்காதீர்கள். பல்லியைப் போலவே இகுவானாவும் வாலை விட்டுவிட்டு ஓடும்.

விரலால் உணவு ஊட்டும் ஆசையை விட்டுவிடுவது நல்லது. விரலும் கேரட்டும் ஒரே வடிவம். விரல் நுனியில் பப்பாளி வாசனையும் இருந்துவிட்டால் வேறுபாடு தெரிய அதற்கு வழியில்லை. தட்டில் வையுங்கள்.

இந்தப் பழக்கத்தில் கடினமான இடம் ஒன்று உண்டு. கையில் இருக்கும்போது அது வாலை வீசியவுடன் பயந்து கூண்டில் விட்டுவிட்டால், வாலை வீசினால் விடுதலை என்று அது கற்றுக்கொள்ளும். கடித்தவுடன் விட்டாலும் அதே கணக்குத்தான். அதற்காக வென்றே தீர்வேன் என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பதும் தவறு. பயம் கூடி அடுத்த முறை கூண்டுக் கதவைத் திறக்கும்போதே தாக்கும். செய்ய வேண்டியது, உடம்போடு அணைத்தபடி அசையாமல் நின்று, அது ஓரிரு மூச்சு அமைதியாக விடும்வரை காத்திருந்து, அந்த அமைதியான நொடியில் இறக்கி விடுவது. மொத்தம் ஐந்து நிமிடமே போதும். ஒரு நாள் ஒரு மணி நேரம் வைத்திருப்பதைவிட, பத்து நாள் ஐந்து ஐந்து நிமிடம் வைத்திருப்பதில்தான் பலன் உண்டு.

ஆண் இகுவானாவுக்கு இரண்டு மூன்று வயதுக்கு மேல் ஆண்டுதோறும் வரும் இனப்பெருக்கப் பருவத்தில் இந்தப் பாடம் எதுவும் முழுதாகச் செல்லுபடியாகாது. தோலில் செம்மஞ்சள் நிறம் ஏறும், தொடைக்கு அடியிலுள்ள துளைகளில் மெழுகு போன்ற பொருள் புடைக்கும், தீனி குறையும், கண்ணாடியில் தெரியும் தன் பிம்பத்தோடேகூடச் சண்டையிடும். எங்கள் வீட்டில் இது ஐப்பசியில் தொடங்கித் தை வரை நீடிக்கிறது. அந்த மாதங்களில் பிம்பம் தெரியும் பரப்புகளை மூடி வையுங்கள். ஆத்திரத்தைத் தீர்த்துக்கொள்ளச் சுருட்டிய பழந்துண்டு ஒன்றைக் கொடுங்கள். வெளியே விட்டால் கையில் ஒரு தலையணையைக் கேடயமாக வைத்துக்கொள்ளுங்கள். தோளில் ஏற்றிக்கொண்டு படம் எடுப்பதை அந்தப் பருவத்தில் அறவே விட்டுவிடுங்கள். கைக்காயம் ஆறிவிடும், மூக்கும் உதடும் கண்ணும் அப்படியல்ல.

பிடித்துக்கொண்டால்

உடும்புப் பிடி என்று தமிழில் சும்மா சொல்லவில்லை. இகுவானாவும் சில வேளைகளில் கடித்த வாயை விடாது. அப்போது கையை வெடுக்கென்று இழுப்பதுதான் இயல்பான எதிர்வினை, மிகப் பெரிய சேதமும் அதனால்தான் வருகிறது. குத்திய காயம் கிழிந்த காயமாகிவிடும். அதன் நான்கு கால்களும் தரையிலோ மேசையிலோ படும்படி இறக்குங்கள், அருகில் உள்ள துண்டைத் தலைமேல் போட்டுக் கண்களை மறையுங்கள், அசையாமல் இருங்கள். வெளிச்சமும் அசைவும் இல்லாதபோது பெரும்பாலும் சிறிது நேரத்தில் பிடி தளரும். விடவே இல்லையென்றால், வளையக்கூடிய பிளாஸ்டிக் அட்டையை வாயின் ஓரத்தில் மெதுவாகச் செருகலாம். கரண்டியால் நெம்பினால் பல்லும் தாடையும் உடையும். அடிப்பது, வாயில் மிளகாய்த்தூளோ சாராயமோ விடுவது போன்ற யோசனைகளைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

பிறகு ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள்தூள், காப்பித்தூள் எதையும் அப்பாதீர்கள். காயத்துக்குள் கிருமியை மூடிவிடுவதைத் தவிர அவற்றால் பயனில்லை. போவிடோன் அயோடின் தடவித் தூய துணியால் மூடலாம். ஆழமாகப் பட்டிருந்தாலும், மூட்டின்மேல் பட்டிருந்தாலும், முகத்தில் பட்டிருந்தாலும், அடுத்த நாள் சிவந்து வீங்கினாலும் மருத்துவரிடம் போயாக வேண்டும். கடித்தது இகுவானா என்று தெளிவாகச் சொல்லுங்கள். சால்மோனெல்லா உள்ளிட்ட கிருமிகள் ஊர்வனவற்றிடம் இருக்கும் என்பதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்வார். கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து ஆண்டுகள் ஆகிவிட்டால் மறு ஊசி தேவைப்படலாம். வீட்டுப் பெரியவர்கள் கேட்கும் இரண்டு கேள்விகளுக்கும் இங்கேயே விடை: வெறிநாய்க்கடி நோய் பாலூட்டிகளிடமிருந்து வருவது, இகுவானாவிடமிருந்து வராது, அதன் கடி மனிதருக்கு நஞ்சேற்றும் கடியும் அன்று. ஆனால் சால்மோனெல்லா கடி இல்லாமலும் பரவும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை இகுவானாவைத் தொடவே விடாதீர்கள். மற்றவர்கள் ஒவ்வொரு முறையும் தொட்ட கையைக் கழுவ வேண்டும்.

எல்லாம் செய்தும் முடியவில்லை, வைத்திருக்க இயலாது என்ற நிலை சிலருக்கு வரும். அப்போது ஏரிக்கரையிலோ ஆற்றங்கரையிலோ கொண்டுபோய் விட்டுவிட வேண்டாம். ஃபுளோரிடாவிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் இகுவானாக்கள் இன்று பெருந்தொல்லையாகப் பெருகியிருப்பதில், வளர்ப்பவர்கள் இப்படி விட்டுவிட்ட விலங்குகளுக்கும் பங்கு உண்டு. பச்சை இகுவானா, காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ள விலங்கு. இந்தியாவில் 2024இல் வந்த விதிகளின்படி இத்தகைய விலங்கை வைத்திருப்பவர் ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், கை மாறுவதையும் தெரிவிக்க வேண்டும். எனவே வேறொருவருக்குக் கொடுப்பதானால் பதிவையும் சேர்த்தே மாற்றிக் கொடுங்கள். அதோடு, எந்த நாளில், என்ன வெப்பநிலையில், எந்தப் பக்கத்திலிருந்து கை வந்தபோது அது கடித்தது என்று நீங்கள் குறித்து வைத்த குறிப்பேட்டையும் கொடுத்தனுப்புங்கள்.