அம்பாசிடர் வீல் கப் கடிகாரம்: ஒன்பதுக்கு அருகே நின்ற முள்

மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையில் 2014 வரை தயாரான அம்பாசிடர் காரின் மீது எனக்குள்ள பிரியத்தை அறிந்த நண்பர் ஒருவர், அதன் வீல் கப்பில் (சக்கரத்தின் நடுவை மூடும் வட்டத் தகட்டில்) குவார்ட்ஸ் இயந்திரம் பொருத்திய சுவர்க் கடிகாரம் ஒன்றைப் பரிசளித்தார். ஸ்பீடாமீட்டர் முள்ளைப் போலச் சிவப்பாக நீண்டிருந்த நிமிட முள் கண்ணைக் கவர்ந்தாலும், அரை மணியைத் தாண்டி மேலேறும்போது தளர்ந்து, ஒன்பதாம் எண்ணுக்கு அருகே நின்றுவிடும். பேட்டரியை மாற்றியும் பயனில்லை.

நின்ற இடமே காரணத்தைக் காட்டிக்கொடுத்தது. முள் கிடைமட்டமாக இருக்கும் அந்த நிலையில்தான் அதன் எடை அச்சை மிக அதிகமாகப் பின்னோக்கித் திருப்ப முயல்கிறது, 1.5 வோல்ட்டில் இயங்கும் சிறு மோட்டாருக்கு அதைத் தூக்கும் வலு போதவில்லை.

முள்ளைக் கழற்றி, அதன் துளையில் தையல் ஊசியைச் செருகிப் பிடித்தபோது, நுனி உடனே கீழே சரிந்தது. ஆகவே, துளைக்கு மறுபுறம் நீளும் வால் பகுதியின் பின்புறத்தில் சாலிடர் கம்பியைச் சிறு சுருளாக எபாக்சி பசையால் ஒட்டி, எந்தக் கோணத்தில் விட்டாலும் முள் அப்படியே நிற்கும் வரை அந்தச் சுருளை அரத்தால் சிறிது சிறிதாகத் தேய்த்தேன். நிறமும் வடிவமும் சிறிதும் கெடவில்லை என்பதில் எனக்கு மிகுந்த நிறைவு.

இயந்திரத்தையும் நீண்ட முட்களுக்கென விற்கப்படும் ஹை டார்க் (high torque, அதிகச் சுழற்று விசை தரும்) வகைக்கு மாற்றினேன். அதை வாங்குமுன் தகட்டின் தடிமனையும் ரப்பர் வாஷரையும் சேர்த்து அளந்து, முட்களைத் தாங்கும் தண்டின் மரை அதற்கேற்ற நீளத்தில் இருக்கும்படி கேட்டு வாங்க வேண்டும். ரீசார்ஜ் பேட்டரி பெரும்பாலும் 1.2 வோல்ட்டே தருவதால், இதற்கு அல்கலைன் பேட்டரியையே பயன்படுத்துகிறேன்.